‘கேட்டுட்டு அடிங்க’: பிள்ளைகள் பிடிக்கிற அட்டை யாருடைய குரல்?

17 நவம்பர் 2024, ஞாயிறு, இரவு 10.05 | கேள்வி, புதுச்சேரி வாசகர் ஒருவர்

இன்று சாயங்காலம் மகளோடு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காந்தி சிலைக்குப் பக்கத்தில் முப்பது பிள்ளைகள் அட்டை பிடித்து நின்றார்கள். ‘எங்களை அடிக்காதீர்கள்’, ‘எங்கள் பேச்சைக் கேளுங்கள்’, ‘திட்டாமல் சொல்லுங்கள்’. எல்லா அட்டையிலும் ஒரே கையெழுத்து. ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். சுற்றிலும் பத்துப் பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். நாலாவது படிக்கிற என் மகள், “அப்பா, நானும் ஒண்ணு பிடிக்கட்டுமா?” என்றாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டேன்.

எட்டு வயசுப் பிள்ளைக்கு உரிமை என்றால் என்ன தெரியும்? வீட்டுக்குப் போனதும் ‘ரோட்டில் நின்று மானத்தை வாங்கிட்டியே’ என்று இன்னும் ரெண்டு விழும். இது பிள்ளைகளின் குரலா, பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் பெரியவர்கள் பேசுகிற குரலா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

18 நவம்பர், காலை 6.10

ஒரே கையெழுத்து என்று கவனித்தீர்களே, அதைப் பலர் பார்ப்பதில்லை.

நான் கடலூர். பெண்ணையாறு கடலில் சேருகிற பக்கம் ஒரு மீனவ ஊரில் பதினான்கு வருஷமாக மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறேன். பகலில் தையல். நீங்கள் பார்த்த அந்த மைக்கை நானும் பிடித்திருக்கிறேன். இப்போது ஆறு ஜாக்கெட் முடித்துக் கொடுக்க வேண்டும். இரவு எழுதுகிறேன்.

18 நவம்பர், இரவு 9.50

நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கடற்கரையில் அட்டை பிடிக்காத பிள்ளை கிடையாது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, தற்காலிகக் குடியிருப்பில் தன்னார்வ வேலை. தார் அட்டைக் கூரை, உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெக்கை. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் காலையிலேயே சார்ட் வாங்கி வரச் சொல்வார்கள். ‘நன்றி’ என்று எழுதுவேன். ‘எங்களுக்குக் கல்வி வேண்டும்’ என்று எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எல்லாம் நானேதான். பிள்ளைகளை உயரம் பார்த்து வரிசையாக நிறுத்துவோம். ஒரு மணி நேரம் வெயிலில் நிற்பார்கள். வண்டி வரும், இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்திருக்கலாம்.

அதனால், போன வருஷம் நவம்பர் 20, உலகக் குழந்தைகள் தினத்துக்கு மஞ்சக்குப்பத்தில் பிள்ளைகள் ஊர்வலம் என்று அழைப்பு வந்தபோது, ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டேன். என் பிள்ளைகளுக்கு யாரும் வாசகம் எழுதித் தரக் கூடாது, அவர்களே எழுதுவார்கள்.

இருபத்து மூன்று பிள்ளைகள். சார்ட்டை இரண்டாக வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, சவுக்கு மிலாறில் ஒட்டினோம். யாரும் அடுத்தவர் அட்டையைப் பார்க்காமல் எழுதச் சொன்னேன். வந்தவற்றில் சில:

‘என்னைத் தடிமாடுன்னு கூப்பிடாதீங்க.’

‘பாத்ரூம் போகணும்னா விடுங்க.’

‘தம்பிய பாத்துக்க நான் லீவு போட மாட்டேன்.’

‘எனக்கு முன்னாடி எங்க அம்மாவ திட்டாதீங்க.’

கடைசி வாசகத்தை எழுதியது மூன்றாவது படிக்கிற பெண். அவளுடைய அம்மாவை யார் திட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று ஊரில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் யோசித்ததில்லை.

ஆறாவது படிக்கிற ஒரு பையன் மட்டும் ரொம்ப நேரம் எழுதாமல் இருந்தான். ஸ்கெட்ச் பேனா மூடியைக் கடித்துக் கடித்து உதடெல்லாம் நீலம். கடைசியில் எழுதினான். ‘கேட்டுட்டு அடிங்க.’ முதல் வார்த்தையைப் பெரிதாக எழுதிவிட்டதால் இரண்டாவது வார்த்தைக்கு இடம் போதவில்லை. ‘அடிங்க’ ஓரத்தில் சுருங்கிக் கீழே இறங்கியிருந்தது.

ஊர்வலத்தை நடத்தியவர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, இது தப்பா போயிடும். அடிக்கலாம்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கு. ‘அடிக்காதீர்கள்’னு மாத்தி எழுதச் சொல்லுங்க.” முடியாது என்றேன். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அட்டை மாறாது, பையன் கடைசி வரிசையில் நிற்பான். அதற்கு நான் ஒத்துக்கொண்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

மைதானத்திலிருந்து டவுன்ஹால் வரை நடந்தோம். வழியில் டீக்கடையில் நின்றவர்கள் முன்வரிசை அட்டைகளைப் பார்த்தும் பார்க்காமலும் நின்றார்கள். கடைசி வரிசை வந்தபோது ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். குனிந்து படித்தார், மறுபடியும் படித்தார். “யாருடா தம்பி உன்ன அடிச்சது?” என்று கேட்டார். பையன் பதில் சொல்லாமல் நடந்துவிட்டான்.

அன்று அந்த ஊர்வலத்தில் யாரோ ஒருவர் ஒரு பிள்ளையிடம் ஏதோ கேட்டார் என்றால் அது அந்த ஒரு அட்டையால்தான். மைக்கில் சொல்லிக் கொடுத்து இந்த வாசகம் வராது. அடி நியாயம்தான் என்று நம்பிவிட்ட ஒரு பிள்ளை, அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியாவது கேளுங்கள் என்று கெஞ்சுகிறான். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

19 நவம்பர், மதியம் 2.30

நேற்று எழுதியதற்கு இரண்டு மறுப்புகள் வந்திருக்கின்றன.

ஒன்று, ‘முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்.’ இதைக் கேட்டேதான் நானும் வளர்ந்தேன். என் அப்பா என்னைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியாரிடம், “கண்ண மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் தோல உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கவே கூச்சப்படுகிற மனிதர். வாத்தியாருக்குக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை, என் முதுகைக் கொடுத்துவிட்டு வந்தார். முருங்கையை ஒடித்தால் பக்கத்தில் துளிர்க்கும், சரி. எனக்கு என்ன துளிர்த்தது என்று தேடிப் பார்க்கிறேன். வகுப்பில் கையைத் தூக்காத பழக்கம் ஒன்றுதான். இன்றைக்கும் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது.

இரண்டாவது, ‘இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், அங்கே பிள்ளைகளை யாரும் தொட மாட்டார்கள்.’ அங்கேயும் அப்படி இருந்ததில்லை. 1911 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஒரு பள்ளிப் பையன் வேலைநிறுத்தத்துக்கு அழைத்து ஒரு துண்டுச் சீட்டைச் சுற்றுக்கு விட்டான். அதற்காக அடி வாங்கினான். கூடப் படித்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். சில நாளில் பிரிட்டனில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வந்து தெருவில் நடந்தார்கள். பிரம்பு வேண்டாம், பள்ளி நேரத்தைக் குறையுங்கள், வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள் என்று கேட்டார்கள். அந்த வருஷம் அங்கே துறைமுகத்திலும் ரயிலிலும் அப்பாக்களின் வேலைநிறுத்தம். பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். திரும்பிப் போனபோது பல இடங்களில் அதே பிரம்புதான் காத்திருந்தது. 1972 மே மாதம் லண்டனில் மறுபடியும் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், மறுபடியும் பிரம்பு எதிர்ப்பு. அரசுப் பள்ளிகளில் பிரம்பு சட்டப்படி போனது 1987இல். லானெல்லிப் பையனுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

நம் நாட்டில் 2010 ஏப்ரல் 1 முதல்தான் பள்ளியில் அடிக்கக் கூடாது என்று வந்தது, கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு. உடலில் அடிப்பது மட்டும் கிடையாது, மனதை நோகடிப்பதும் அதில் தடை.

19 நவம்பர், மாலை 4.15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 2010தான் தொடக்கம் என்றது தவறு. தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதிகளைத் திருத்திவிட்டார்கள். அதற்கு முன் 51ஆம் விதி பிரம்பை அனுமதித்தது. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார். அவர் ஒன்றும் சேர்த்துச் சொன்னார்: விதி மாறிய சுற்றறிக்கை வந்தபோது ஆசிரியர் அறையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களாம், பிரம்பு மட்டும் பீரோ மேலேயே இருந்ததாம். இந்த 2024லும் சென்னை உயர்நீதிமன்றம் உடல்ரீதியான தண்டனையை ஒழிக்கும் நெறிமுறைகளைப் பள்ளிகளில் செயல்படுத்தச் சொல்லவேண்டி வந்தது. இருபத்தொரு வருஷம்.

20 நவம்பர், இரவு 11.20

இன்றுதான் அந்த நாள். 1989இல் இதே தேதியில் ஐ.நா.வில் குழந்தை உரிமை உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பர் 11இல் அதை ஏற்றுக்கொண்டது. அதில் 12ஆம் பிரிவுதான் நம் பேச்சுக்குச் சம்பந்தப்பட்டது. தன்னைப் பாதிக்கிற எல்லா விஷயத்திலும் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். மதிப்புக் கொடுக்கிற வேலையைப் பெரியவர்களிடம்தான் விட்டிருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

‘பெரியவர்கள் பிள்ளைகளைப் பயன்படுத்துகிறார்கள்’ என்ற உங்கள் பயம் நியாயமான பயம். இந்த வருஷம் பிப்ரவரியில் தேர்தல் ஆணையமே பிரச்சாரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னது. கோஷம் போட வைப்பது, துண்டறிக்கை கொடுக்க வைப்பது, தூக்கி வைத்துக்கொண்டு ஊர்வலம் போவது எல்லாமே அதில் அடக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம்.

ஆனால் இது பிள்ளைகளின் சொந்தப் பேச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த ஒரு அடையாளம் உண்டு. சொந்தப் பேச்சாக இருந்தால் கூட்டிவந்த பெரியவர்களுக்கே அதில் ஏதாவது பிடிக்காது.

1996இல் கர்நாடகத்தில் குந்தாப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகளின் சர்வதேசக் கூட்டம் நடந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று மூன்று கண்டத்துப் பிள்ளைகள். 1990இலேயே கர்நாடகத்தில் பீம சங்கம் என்று வேலை செய்கிற பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். குந்தாப்பூரில் பத்து அம்சமாக எழுதி வெளியிட்டார்கள். அதில் ஒன்று, பிள்ளைகள் செய்த பொருள் என்பதற்காக அதை வாங்காமல் புறக்கணிக்காதீர்கள் என்பது. அப்போது உலகம் முழுக்க நல்ல மனசுக்காரர்கள் அதே புறக்கணிப்பைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். எங்கள் வேலைக்கு மரியாதை வேண்டும், படிக்கவும் ஓய்வெடுக்கவும் நேரம் வேண்டும், எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களையும் கேளுங்கள் என்றார்கள். பத்து வயதில் வேலைக்குப் போவது சரி என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் ஊரில் பையன்களைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் படகில் ஏற்றினால் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் குந்தாப்பூரில் யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை என்பதற்கு அந்த ஒரு அம்சமே எனக்குப் போதும்.

‘கேட்டுட்டு அடிங்க’வும் அப்படித்தான். எங்கள் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

21 நவம்பர், இரவு 10.40

புதுச்சேரிக்காரர் இன்று எழுதியதைப் படித்தீர்களா? மகளிடம், “அன்னைக்கு அட்டை பிடிச்சிருந்தா என்ன எழுதியிருப்பே?” என்று கேட்டாராம். “அப்பா, சாப்பிடும்போது போனை வைங்க” என்றாளாம். நாலு நாளாக யோசித்து வைத்திருந்தவள் போலச் சட்டென்று வந்ததாம்.

2018 செப்டம்பரில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இதையேதான் பிள்ளைகள் தெருவில் இறங்கிச் சொன்னார்கள். ஏழு வயசுப் பையன் ஒருவன் தொடங்கி வைத்தான், நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். எங்களோடு விளையாடுங்கள், போனோடு விளையாடாதீர்கள் என்பதுதான் பேச்சு. அதே வருஷம் டிசம்பரில் நம் ஆம்பூரில் ஒரு ஏழு வயசுப் பெண், வீட்டில் கழிப்பறை கட்டித் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றுகிறார் என்று அப்பா மேலேயே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். வெளியில் போக வெட்கமாக இருக்கிறது என்று அவளே எழுதினாள். நகராட்சியே முன்வந்தது. ஏழு வயதுக்கு உரிமை என்ற வார்த்தை தெரியாமல் இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு வெட்கம் தெரிந்திருந்தது, வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

ஐயா, உங்கள் மகள் சொன்னதைக் கேட்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

ஆனால் உங்கள் நேர்மை என்னையும் ஒன்று சொல்ல வைக்கிறது. மூன்று நாளாக அந்தப் பையனைப் பற்றி யாரோ அடித்த மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். நானும் அடித்திருக்கிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம். மையத்தில் கொடுத்த கணக்கு நோட்டை மூன்று நாள் தொடர்ந்து அவன் கொண்டுவரவில்லை. நாலாவது நாள் மரஸ்கேலால் உள்ளங்கையில் ரெண்டு போட்டேன். பலமாக இல்லை என்று அப்போது நினைத்தேன். எவ்வளவு பலம் என்பது கை நீட்டியவனுக்குத்தான் தெரியும். அவன் அழவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். அடுத்த வாரம் அவன் அம்மா மீன் கூடையோடு வாசலில் நின்று பேசும்போது சொன்னார், “டீசல் கணக்கு எழுதணும்னு நோட்ட அவங்க அப்பா படகுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு, புது நோட்டு இருந்தா குடும்மா.”

ஒரே ஒரு தடவை, ‘எங்கேடா நோட்டு?’ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் சொன்னது ‘நோட்டு எங்கே’தான், ஆனால் ஸ்கேலை எடுத்த பிறகு சொன்னேன். அது கேள்வி ஆகாது.

நவம்பரில் அந்த அட்டையை எழுதியபோது அவன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுதினானா என்று ஒரு வருஷமாகக் கேட்க முடியவில்லை.

22 நவம்பர், காலை 7.00

நேற்று எழுதியதற்கு ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு: ஆறுதல் வேண்டாம். ‘ரெண்டு அடிதானே’ என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

24 நவம்பர், மாலை 5.30

பள்ளியைப் பற்றியே பேசுகிறோம், வீட்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வீட்டில் அடிப்பதை நேராகத் தடுக்கிற சட்டம் நம்மிடம் இல்லை. கொடுமை என்கிற அளவுக்குப் போனால் 2015 சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு இருக்கிறது. 1098க்குப் பிள்ளையே போன் செய்யலாம், இலவசம். ஸ்வீடன்தான் வீட்டிலும் சேர்த்து முதலில் தடை செய்தது, 1979இல். அப்போது பால் பாக்கெட் அட்டைகளில்கூட அதை அச்சடித்து வீடு வீடாகச் சேர்த்தார்கள். பால் பாக்கெட் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. காலையில் அம்மா அப்பா பிள்ளை மூன்று பேரும் ஒரே மேசையில் அதைப் பார்த்திருப்பார்கள்.

‘தடிமாடு’ எழுதிய பெண்ணைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஊர்வலம் முடிந்து ஒரு வாரம் அவள் பாட்டி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. இப்போது தடிமாடு என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. பேர் சொல்கிற வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

28 நவம்பர், இரவு 8.15

மழை. கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு. படகையெல்லாம் மேலே ஏற்றியாகிவிட்டது. மையம் மூடியிருக்கிறது. நோட்டுகளை எடுத்துப் பரண் மேல் வைத்தேன், போன வருஷ அட்டைகளுக்குப் பரணில் இடம் இல்லை.

8 டிசம்பர், இரவு 9.00

பத்து நாள் கழித்து வருகிறேன். நலமா என்று கேட்டவர்களுக்கு, உயிரோடு இருக்கிறோம். 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கத்தில் கரை கடந்தது. உங்கள் பக்கம் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்களுக்குக் காற்றைவிடத் தண்ணீர்தான். 2ஆம் தேதி விடிவதற்குள் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். பெண்ணையாறு கரை தெரியாமல் வந்தது. மையத்துக்குள் இடுப்பளவு. அட்டைகள் எல்லாம் கூழாகிவிட்டன.

முகாமில் ஐந்து நாள் இருந்தோம். எந்த முகாம் என்று சொல்ல விரும்பவில்லை, அங்கே வேலை செய்தவர்கள் தூங்காமல் செய்தார்கள். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். கழிப்பறை இரண்டு, கூட்டம் நானூறு. பெரியவர்கள் எப்படியோ சமாளித்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்க்கிறேன், எங்கள் பெண் பிள்ளைகள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் போக வேண்டி வரும், இருட்டில் வரிசையில் நிற்க வேண்டும். இதை எந்தப் பெரியவரும் கவனிக்கவில்லை. ‘பாத்ரூம் போகணும்னா விடுங்க’ எழுதியவள்தான் கவனித்தாள். ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டியைக் கிழித்து, ‘இது பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மட்டும்’ என்று எழுதி ஒரு கதவில் மாட்டினாள். நாலு பெண்கள் முறை வைத்து வாசலில் நின்றார்கள். ஒரு ஆள் சத்தம் போட்டார். ‘பொடிசுங்க சட்டம் போடுதுங்களா’ என்றார். என் மையத்துப் பிள்ளைகள் என்பதால் நான் போய்த் தடுக்க வேண்டும் என்று தோன்றியது, போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவருடைய மனைவியே, “அது சரியாத்தான் எழுதியிருக்கு, நீ அந்தப் பக்கம் போ” என்று சொல்லிவிட்டார்.

அந்த அட்டையைப் படம் எடுக்க யாரும் இல்லை. மைக்கும் இல்லை. நவம்பர் 17இல் நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

15 டிசம்பர், மாலை 6.45

கேட்டுவிட்டேன்.

நேற்று மையத்தைக் கழுவினோம். சேறு காய்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டது, மண்வெட்டியால்தான் சுரண்ட வேண்டியிருந்தது. அவனும் வந்திருந்தான், இப்போது ஏழாவது. மற்றவர்கள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். “போன வருஷம் அட்டையில எழுதினியே, அது என்னப் பாத்து எழுதினதா?” என்றேன்.

சுரண்டுவதை நிறுத்தாமல் சொன்னான். “உங்களையுந்தான்க்கா.”

வேறு யார் என்றேன். அம்மா, கணக்கு சார், பெரியப்பா, தண்ணி லாரியில் வரிசை பிடிக்கிற அண்ணன். சாதாரணமாக எண்ணிச் சொன்னான். சந்தைக்குப் போய் வந்தவர் விலை சொல்வது மாதிரி.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்கும் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அப்புறம் ஒன்று கேட்டேன், ஒரு வருஷமாக மனசில் இருந்தது. “அடிக்காதீங்கன்னு ஏன்டா எழுதல? அடிச்சா பரவாயில்லன்னு நெனச்சியா?”

“அப்படி எழுதினா யாருக்கா கேப்பாங்க? எல்லாரும் எழுதுறதுதான். இதுன்னா ஒருவேளை கேப்பாங்க. கேட்டா, அப்புறம் அடிக்க மாட்டாங்க.”

நவம்பர் 18 இரவு நான் எழுதியதைத் திருத்த வேண்டும். அடி நியாயம்தான் என்று நம்பிவிட்ட பிள்ளை, கெஞ்சுகிறான் என்று எழுதினேன். இரண்டும் தவறு. அவன் எங்களை எடை போட்டிருக்கிறான். இந்தப் பெரியவர்களிடம் எவ்வளவு கேட்டால் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அந்த அளவு கேட்டிருக்கிறான். அவனை நான் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்.

16 டிசம்பர், காலை 6.30

மரஸ்கேல் என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மையத்தில் இருக்கிறது, கோடு போடத் தேவைப்படுகிறது. போன வருஷம் நவம்பருக்குப் பிறகு யார் மேலும் அதை ஓங்கியதில்லை. கத்தியிருக்கிறேன். அதுவும் குறைய வேண்டும்.

19 டிசம்பர், இரவு 10.10

ஜனவரி 26 கிராம சபைக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களாகவே கேட்டது. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான் கிராம சபையில் உறுப்பினர், ஆனால் பிள்ளைகள் வந்து உட்காருவதை யாரும் தடுப்பதில்லை. வெள்ளம் வந்தால் முகாமில் தங்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், இரவில் அதற்கு விளக்கு வேண்டும் என்று கேட்கப் போகிறார்களாம். யார் எழுந்து பேசுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நான் பேச வேண்டாம் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

புதுச்சேரி ஐயா, மகளை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உட்காருவோம். சார்ட் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது, வரும்போது பத்து வாங்கி வாருங்கள். நீல ஸ்கெட்ச் பேனாவும் வேண்டும்.